ஒத்தி வீட்டில் இருப்பவர்களுக்கு எந்தச் சட்டம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் பத்திர ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்ரைட்டிங் ஹயர் முடித்த கையோடு மிஷினில் தொடங்கிய தொழில், இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. வாடகைச் சீட்டு, கடை ஒப்பந்தம், தோப்புப் பாட்டம், ஒத்திப் பத்திரம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். நான் வக்கீலும் இல்லை, உரிமம் பெற்ற ஆவண எழுத்தரும் இல்லை. ஆனால் இந்த ஊரில் யார் யாருக்கு எந்த நிபந்தனையில் வீடு கொடுக்கிறார்கள் என்பதை வரிக்கு வரி படித்தவள்.

கொஞ்ச காலமாக வருகிறவர்கள் போனை நீட்டிக்கொண்டே கடை ஏறுகிறார்கள். 'புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது, இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கிடையாது' என்று அதில் ஒரு செய்தி இருக்கும். குடியிருப்பவர் அதைக் காட்டி அட்வான்சைக் குறைக்கச் சொல்லுவார். வீட்டுக்காரர் முகம் கறுக்கும். நடுவில் பாதி அடித்த பத்திரத்தோடு நான் இருப்பேன். அந்தச் செய்தியில் இருப்பது மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தின் சங்கதி. மாநிலங்கள் அதை ஏற்றுத் தங்கள் சட்டமாக்கினால்தான் செல்லும். நமக்கு அதற்கு முன்பே சொந்தச் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம் என்ற நீண்ட பெயரில் 2017-ல் இயற்றினார்கள். நாகர்கோவில் மாநகராட்சி ஆன அதே 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி ஆன செய்தி எல்லோருக்கும் தெரியும். சட்டம் வந்த செய்தி என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது.

அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டக் கூடாது. வீட்டுக்காரருக்கும் வழி வைத்திருக்கிறது: இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம், ஒப்பந்தம் முடிந்தும் போகாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்கலாம். பழைய சட்டத்தில் தாத்தா வாடகைக்கு எடுத்த கடையைப் பேரன் அதே வாடகைக்கு வைத்திருந்த கதைகள் கோட்டாறு பஜாரில் உண்டு. அதற்கு முடிவு கட்டியது நல்லதுதான்.

என் கவலை வேறு. இந்தச் சட்டம் முழுக்க வாடகை என்ற ஒன்றைச் சுற்றியே ஓடுகிறது. எங்கள் மாவட்டத்தில் வாடகையே கொடுக்காமல் ஒத்திக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்றால், வாடகை பூஜ்யமாக இருக்கும் வீட்டுக்கு எத்தனை? பூஜ்யத்தின் இரட்டை எவ்வளவு?

வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போக்கியம் என்றும் லீசு என்றும் மற்ற ஊர்களில் சொல்வதுதான் இங்கே ஒத்தி. திருவிதாங்கூர் காலத்தில் நாஞ்சில் நாட்டு வயலும் தென்னந்தோப்பும் ஒத்திக்குப் போன பழக்கம், பிறகு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து வீட்டில் ஏறுவார்கள். மாத வாடகை கிடையாது. இரண்டு, மூன்று வருடம் கழித்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். வெட்டூர்ணிமடம், இராமன்புதூர் பக்கம் ஏழாயிரம் வாடகை போகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 84,000 ரூபாய் மிச்சம். அதே ஐந்து லட்சத்தை வங்கியில் போட்டால் ஏழு சதவீதம் என்றாலும் 35,000தான். பிள்ளைகள் படிப்புக்காக மணக்குடியிலிருந்தும் முட்டத்திலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் நாகர்கோவிலுக்குக் குடி வருகிற குடும்பங்கள் சீட்டுப் பணத்தையும் நகையையும் சேர்த்து ஒத்திக்குப் போவதில் கணக்கு இருக்கிறது.

கணக்கை வீட்டுக்காரர் பக்கம் திருப்பினால்தான் இடிக்கிறது. ஐந்து லட்சத்துக்கு வருடம் 84,000 ரூபாயை விட்டுக் கொடுக்கிறார் என்றால் 16.8 சதவீத வட்டி கட்டுகிறார் என்று அர்த்தம். வீட்டை வைத்து வங்கியில் வாங்கியிருந்தால் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைத்திருக்கும். பிறகு ஏன் போகவில்லை? அவசரம், மகள் கல்யாணம், வெளிநாட்டு விசா, பாதியில் நிற்கும் மாடி என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பல பத்திரங்களில் காரணம் மூலப்பத்திரத்திலேயே இருக்கும். அப்பா பெயரில் பட்டா, அண்ணன் தம்பி அக்காமார் யாரும் பாகம் பிரிக்கவில்லை. அல்லது வீட்டைக் காட்டி வங்கி ஏற்கெனவே கடன் கொடுத்திருக்கும். அல்லது வீடு குவைத்தில் இருக்கும் அண்ணனுடையது. பொது அதிகாரப் பத்திரம் ஏதும் இல்லாமல் தம்பி வந்து பணத்தை எண்ணி வாங்கிப் போவார். ஒத்திக்கு வீடு தேடுகிறவர்கள் குழாயில் தண்ணீர் வருமா, வாசலில் கார் நிற்குமா என்று பார்ப்பார்கள். 'நீங்க ஏன் பேங்குக்குப் போகல்ல?' என்று வீட்டுக்காரரிடம் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெண் போன வருடம் என் கடைக்கு வந்தாள். கணவர் வளைகுடாவில் விசைப்படகு வேலை. ஆறு லட்சம் ஒத்தி கொடுத்து இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்த வீட்டின் கதவில் ஒரு வங்கி நோட்டீஸ் ஒட்டிப் போயிருந்தது. வாராக்கடனுக்காக வீட்டைச் சுவாதீனம் எடுக்கிறோம் என்ற நோட்டீஸ். வீட்டுக்காரருக்கு அதற்கு முன்பே அறுபது நாள் கெடு கொடுத்த கடிதமும் வந்திருக்க வேண்டும். அதை அவர் இவளிடம் மூச்சு விடவில்லை. அவள் கையில் இருந்தது 100 ரூபாய் முத்திரைத்தாளில் யாரோ அடித்துக் கொடுத்த ஒத்திச் சீட்டு. கம்ப்யூட்டரில் வில்லங்கம் எடுத்துப் பார்த்தேன். அவள் குடி வருவதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே வங்கிக்குப் பத்திரம் வைத்துக் கடன் வாங்கிய பதிவு கிடந்தது. "எக்கா, இத நான் எங்க கொண்டு குடுக்கட்டு?" என்று அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கே கொடுப்பது? வாடகை அதிகாரியிடம் போக வாடகையும் இல்லை, பதிந்த ஒப்பந்தமும் இல்லை. வங்கி நடவடிக்கையை எதிர்க்க வேண்டுமானால் மதுரையில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வங்கிகள் வாராக்கடனை வசூலிக்கும் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு குடியிருப்பவரும் அங்கே முறையிடலாம். ஆனால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிந்த பத்திரம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் பதியாத ஒத்தியை அடமானமாக ஏற்க மாட்டார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியே இரண்டு சாட்சிகளோடு பதிந்திருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் அந்தக் குறைவும் அதற்குப் பத்து மடங்கு வரை அபராதமும் கட்டினால்தான் காகிதத்தைச் சாட்சியத்துக்கு எடுப்பார்கள். கடைசியில் அவள் வீட்டுக்காரரிடமே போய் நின்றாள். ஒன்றரை லட்சம் கொடுத்தார். மீதிக்கு எழுதிக் கொடுத்ததும் பதியாத காகிதம்தான்.

அந்த வீட்டுக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒத்திப் பணத்தை பீரோவில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. வாங்கிய அன்றே செலவாகிவிடும். குடியிருப்பவர் இறங்கும்போது அடுத்த ஒத்திக்காரர் கொடுக்கும் பணத்தை வாங்கித்தான் இவருக்குக் கொடுப்பார்கள். என் கடை மேசையிலேயே இது நடந்திருக்கிறது: புதியவர் பையிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்து வைப்பார், வீட்டுக்காரர் எண்ணிப் பழையவர் பக்கம் தள்ளுவார், வீட்டுக்காரர் கையில் நிற்பது புதிதாகக் கூட்டிக் கேட்ட ஐம்பதாயிரம் மட்டும். அடுத்த ஆள் வர ஆறு மாதம் தாமதமானால் பழையவர் இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. இறங்குகிறவர் வேறு வீட்டுக்கு ஒத்தி பேசி முன்பணம் கொடுத்திருந்தால் அங்கேயும் தகராறு. ஒரு வீட்டில் பணம் நின்றால் நாலு வீட்டில் சாமான் இறங்காமல் நிற்கும். இதில் ரொக்கமாகக் கைமாறுவது இன்னொரு தலைவலி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ வைப்புத் தொகையாகவோ ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறி வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். இதைச் சொன்னால் "பயங்காட்டாதீங்க" என்று சிரிப்பார்கள்.

சரி, ஏன் பதிவதில்லை? பேராசை என்றோ அறியாமை என்றோ சொல்லிவிட முடியாது. செலவைப் பாருங்கள். சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை நான்கு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். ஐந்து லட்சம் ஒத்திக்கு 25,000 ரூபாய். இறங்கும்போது மீட்பு ரசீதையும் பதிய வேண்டும். இரண்டு வருடக் குடியிருப்புக்கு இந்தப் பணத்தை யார் கட்டுவது என்று பேசும்போதே பாதிப் பேர் எழுந்து என் கடைக்கு வந்துவிடுவார்கள், சாதா முத்திரைத்தாளில் முடித்துக்கொள்ள. சாதா ஒப்பந்தத்துக்கு இருந்த 20 ரூபாய்த் தீர்வை 2024-ல் 200 ஆனபோதே கடையில் பெரிய புலம்பல். 200 ரூபாய்க்குப் புலம்புகிறவர் 25,000 கட்டுவாரா?

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அதே வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்து ஐந்து லட்சம் வாங்கினால், அந்த உரிமை ஆவண ஒப்படைப்புக்கு முத்திரைத் தீர்வை அரை சதவீதம்தான், 2,500 ரூபாய். அதற்கும் உச்சவரம்பு வேறு உண்டு. வங்கிக்கு வக்கீல் இருக்கிறார், மதிப்பீட்டாளர் இருக்கிறார், வாராக்கடனை வசூலிக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. தாலிக்கொடி தவிர மற்ற நகையை விற்றுக் கொடுத்த பெண்ணின் ஐந்து லட்சத்துக்கு மட்டும் 20,000 ரூபாய் முத்திரை. ஏன்? ஒத்தி என்றால் பெரும் பண்ணைகளும் தோப்புகளும் கைமாறும் சமாச்சாரம் என்று ஒரு காலத்தில் விகிதம் வைத்திருப்பார்கள் போல. இன்று ஒத்தி என்பது இரண்டு படுக்கையறை வீட்டின் மாடிப் பகுதி.

வீட்டுக்காரர்கள் சொல்லும் இன்னொரு காரணமும் உண்டு. "மக்களே, பதிஞ்சா வில்லங்கத்துல விழுந்திரும்லா, நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் மீட்பு ரசீதைப் பதிந்தால் அதுவும் வில்லங்கச் சான்றில் ஏறும். வாங்க வருகிறவர் ஒத்தி வைத்ததையும் தீர்ந்ததையும் ஒருசேரப் பார்ப்பார். பதியாத ஒத்தியில் அவருக்குமே ஆபத்து உண்டு. இறங்கிய ஆள் பழைய சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு 'பணம் வரவில்லை' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய சம்பவமும் எனக்குத் தெரியும். பெரியவர் தலையாட்டினார், பிறகு 100 ரூபாய்ப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்.

அரசுக்கு என் கோரிக்கை பெரிதல்ல. பத்து லட்சம் வரையிலான குடியிருப்பு வீட்டு ஒத்திக்கு, வங்கி அடமானத்துக்குள்ள அதே அரை சதவீதத் தீர்வையை வையுங்கள். பதிவுக் கட்டணத்துக்கு ஓராயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு வையுங்கள். வருமானம் போய்விடும் என்று நிதித்துறை நினைக்க வேண்டாம். இன்று யாரும் நான்கு சதவீதம் கட்டுவதில்லை. கட்டாத 20,000 ரூபாயைவிடக் கட்டுகிற 2,500 ரூபாய் கஜானாவுக்கு மேல். குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மென்டுக்கும் பாகப்பிரிவினைக்கும் உச்சவரம்பு வைத்த பிறகுதான் ஜனங்கள் தைரியமாகப் பதியத் தொடங்கினார்கள். அந்த அனுபவம் பதிவுத்துறைக்கே உண்டு.

வாடகைச் சட்டத்திலும் ஒத்தியை ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருப்பவருக்கும் தண்ணீர், கரண்டு பாதுகாப்பு உண்டா, காலி செய்தால் எத்தனை நாளில் பணம் வர வேண்டும், தராவிட்டால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாமா என்று தெளிவாகச் சொல்லட்டும். மாவட்ட நிர்வாகம் ஒன்று செய்யலாம். வாடகை அதிகாரி எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார், என்ன கிழமை பார்க்கலாம் என்று மாநகராட்சி வீட்டு வரி வசூல் மையங்களிலும் பத்திர ஆபீஸ்களிலும் ஒரு பலகை வைக்கட்டும். வீட்டுத் தீர்வை கட்ட எல்லோரும் போகிற இடம் அது. வரி கூடிய 2022-க்குப் பிறகு அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

அதுவரைக்கும் ஒத்திக்குப் போகிறவர்களுக்கு, பத்திரம் அடிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமலே பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். உரிமை ஆவண ஒப்படைப்பு என்று வங்கிப் பெயரில் ஏதாவது இருந்து, அது தீர்ந்த ரசீது இல்லையென்றால் அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள், எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும் சரி. பதியாத ஒத்தி வில்லங்கத்தில் வராது என்பதால், பக்கத்து வீட்டாரிடமும் முன்பு குடியிருந்தவரிடமும் விசாரியுங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வீடு என்றால் முறையான அதிகாரப் பத்திரம் இல்லாமல் தம்பியிடமோ மச்சானிடமோ பணம் கொடுக்காதீர்கள். பணம் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும்.

வில்லங்கம் எடுத்துக் காட்டாமல் ஒத்திப் பத்திரம் அடிக்க மாட்டேன் என்று இப்போது கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய வாரத்திலேயே சிலர் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அங்கே ஐந்தே நிமிடத்தில் அடித்துத் தருகிறார்களாம். முத்திரைத் தீர்வை குறைந்து பதிவது கட்டுப்படியானால் இந்த வேலை எனக்கும் அடுத்த கடைக்கும் சேர்ந்தே போகும். போகட்டும், நோட்டு அடிக்கவும் புராஜெக்ட் பைண்டிங் செய்யவும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொகுதி சட்டமன்ற உறுப்பினர்களும் பதிவுத்துறை அமைச்சரும் பார்க்கும்படி இக்கடிதத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளர்கள் பலர் அடையாளம் கண்டுகொள்ளக் கூடும் என்பதால் என் பெயரை மட்டும் தவிர்க்கவும்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் வாசகி,
வடசேரி, நாகர்கோவில்,
கன்னியாகுமரி மாவட்டம்.